கட்டினேன்

முல்லைத்தீவுக் கோட்டையில் மேசை ஒன்று,
நாற்காலி மூன்று. நிற்பதற்கு இருவர்:
மெய்த்தேவ மாப்பாணரும் நானும்.
அவர் காலில் விலங்கு.
எனக்குச் சம்பளம், மாதம் ஐந்து இறைசாலும்
ஒரு பறை நெல்லும்.

ஊர் எது என்றார்கள்.
அடங்காப்பற்று என்றார்.
பொருள் கேட்டு அறிந்ததும்
அதையும் குற்றத்தின் பக்கத்திலேயே எழுதச் சொன்னார்கள்.

குற்றம் இரண்டு.
ஒன்று இராசத்துரோகம்.
"எந்த ராசாவுக்கு?" என்று கேட்டார் மாப்பாணர்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
மற்றக் குற்றத்துக்கு ஒல்லாந்துப் பாஷையில் ஒரே சொல்.
நம்மிடமோ
சூனியம், செய்வினை, ஏவல், வசியம், பில்லி.
எதைச் செய்தார் என்று கேட்டேன்.
"எல்லாம்" என்றார் துரை,
கழுத்து வேர்வையைத் துடைத்தபடி.

சாட்சி சொன்னவர்
மாப்பாணரின் தங்கையைக் கொண்ட செவ்வந்திநாதர்.
வைகாசித் திங்களில் வற்றாப்பளையில்
கடல்நீரை ஊற்றி இவர் விளக்கெரித்ததைக்
கண்ணால் கண்டாராம்.
துரை தன் கிண்ணத்துத் தண்ணீரைப் பார்த்தார்.
கொஞ்சம் தள்ளி வைத்தார்.

அந்த விளக்கை நானும் பார்த்திருக்கிறேன்,
தாயின் தோளிலிருந்து,
பிலிப்பு என்று பெயர் வைக்குமுன்.
ஊரே சுமந்துவந்த நீர் அது.
என்னை யாரும் கேட்கவில்லை.

பிறகு ஆனை.
மூன்று வருசத் திறை, நாற்பத்திரண்டு உருப்படி,
ஒன்றுகூடப் பந்திக்கு வரவில்லை.
காட்டில் இருக்கிறது. இரவில் பிளிறுகிறது.
சாணம் கிடக்கிறது கொம்பனியின் பாதையிலேயே.
கண்டிக்காரனுக்காக மந்திரத்தால்
மறித்துவைத்திருக்கிறான் என்பது வழக்கு.

"ஆனை கட்டினாயா?"

"கட்டினேன்" என்றார். சிரிப்பு வந்தது அவருக்கு.
"கதிர் முற்றுகிற மாதம்
வயலோரம் நின்று ஆனை கட்டாதவன் எவன்?
வேலி கட்டினேன். உடைந்த குளம் கட்டினேன்.
உங்களுக்குத் திறையும் கட்டினேன்.
மழை பொய்த்த வருசம் கட்டவில்லை.
ஆனைக்கும் தண்ணீர் வேண்டும், துரை,
அது மகாவலிப் பக்கம் போய்விட்டது."

அவர்கள் பாஷையில்
வேலிக்கு ஒரு சொல், குளத்துக்கு ஒரு சொல்,
திறைக்கு வேறொன்று, மந்திரத்துக்கு வேறொன்று.
எனக்கு நாலும் தெரியும்.
இறகுமுனையில் மை திரண்டு நின்றது.
வெளியே கருவாடு காயும் வாடை. உச்சிவெயில்.
எழுதுகிறவன் என் வாயைப் பார்த்தான்.

நாலு தரம் கட்டினேன் என்றார்.
நாலு தரமும் ஒரே சொல்லைச் சொன்னேன்.

ஆகவே கொம்பனியின் ஏட்டில்
அவர் ஆனைக்குச் சூனியம் வைத்தார்,
வேலிக்குச் சூனியம் வைத்தார்,
குளத்துக்கு வைத்தார்,
திறைக்கும் வைத்தார்.
துரைமார் மூவரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.
நடுவில் இருந்தவர் மார்பில் சிலுவை வரைந்தார்,
அவருடைய சபையில் அந்த வழக்கம் இல்லாதபோதும்.

பயந்தேன் என்று சொல்லலாம்.
முதல்நாள் இருட்டில் செவ்வந்திநாதரின் ஆள்
கொண்டுவந்த தேன்குடம் என்றும் சொல்லலாம்.
பாலைப்பூத் தேன்.
பாதிக் குடம் இன்னும் இருக்கிறது,
அடியில் சீனியாய் இறுகிப்போய்.

பட்டம் செவ்வந்திநாதருக்கு.
அடுத்த மாசியில் அவரும் அதே மேசைமுன் நின்றார்,
ஆனை இல்லாமல்.
அந்தக் கதை எழுத எனக்குக் கை வரவில்லை.

தோணி ஏற்றுமுன்
மணலில் ஒரு கணம் நிறுத்தினார்கள் மாப்பாணரை.
எந்தத் தீவுக்கென்று எனக்கும் சொல்லப்படவில்லை.
அலை வந்து விலங்கை நனைத்தது.
என் பக்கம் திரும்பினார்.

"தம்பி,
நான் சொன்னதை அப்படியே சொன்னாய்தானே?"

"ஓம்" என்றேன்.